பாதியில் நின்ற வார்த்தை

ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் வார்த்தைகள் நீண்டுவிடுகின்றன. பிள்ளைகளுக்கோ மூச்சு அவ்வளவு நீளுவதில்லை. இதற்கு நிர்மலா டீச்சர் வைத்திருந்த வைத்தியம் கட்டைவிரல். "பெரிய வார்த்தையப் பாத்து மெரளாத. கட்டவெரலால மூடு. கொஞ்சம் தொற, படி. இன்னும் கொஞ்சம் தொற, படி. கடைசில சேத்துச் சொல்லு" என்பாள். கருவடிக்குப்பத்துப் பள்ளியில் அவள் வகுப்புப் புத்தகங்களில் எல்லாம் விரல் அழுக்கு அப்பியிருக்கும். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

அந்த வைத்தியம் கவிநிலாவிடம் மட்டும் பலிக்கவில்லை. ஜூன் மாதம் தடதடவென்று படித்த பெண்தான். தீபாவளிக்குப் பிறகு என்ன வந்ததோ, 'போக்கு' வரும், 'வரத்து' வராது. 'கலங்கரை' என்பாள், 'விளக்கம்' மேல் விரல் அப்படியே நிற்கும். "தெரியல டீச்சர்." வகுப்பே சிரிக்கும். நிர்மலாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. சாப்பாட்டு நேரத்திலும் உட்கார வைத்துப் பிழிந்தெடுத்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் கவிநிலாவின் அம்மா அஞ்சலாட்சி வந்தாள். சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவள். மகளை கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மேசையருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், அவளுக்குப் பெரிய வார்த்தயெல்லாம் இப்ப சொல்லிக் குடுக்காதீங்க."

நிர்மலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைக்குப் படிப்பு வேண்டாம் என்று எந்தத் தாயாவது வந்து கேட்பாளா?

அஞ்சலாட்சி வயிற்றில் கையை வைத்தாள். "அந்த நோவு டீச்சர்" என்றாள். பெயரைச் சொல்லவில்லை. "வாராவாரம் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். அவங்கப்பா லாரியோட போனா வர நாளாவும். தனியா போனா தல சுத்துது, இவளத்தான் இட்டுனு போறேன். வயித்துப்புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். வாசல்ல இம்மாம் நீளத்துக்கு போர்டு. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா என்னா எழுதியிருக்கும்னு தெரியும். இவளுக்குத் தெரிஞ்சுடுச்சான்னு பாக்க, 'என்னாடி எழுதியிருக்கு'ன்னு கேட்டேன். 'பெரிய வார்த்தம்மா, தெரியல'ன்னா. அப்பதான் எனக்கு உசுரே வந்துது."

நிர்மலா சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் கவிநிலாவின் முறை வந்தபோது, அவளைத் தாண்டி அடுத்த பெண் பூர்ணிமாவை எழுப்பினாள். அதற்கடுத்த நாட்களிலும் அப்படியே. வாரக் கடைசியில் மணியடித்த பிறகு கவிநிலா மேசையருகே வந்து நின்றாள்.

"அம்மா வந்து என்னா சொல்லிச்சு டீச்சர்? அதுக்குத் தெரிஞ்சு போச்சா?"

"எது?"

"அதுக்கு என்னா வியாதின்னு." கவிநிலா வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அந்த போர்ட நான் மொத நாளே படிச்சிட்டேன் டீச்சர். நீங்க சொன்ன மாரியே, வெரல வச்சி. அம்மா என்னான்னு கேட்டுச்சு. சொன்னா பயந்துடும்ல? அதான் பெரிய வார்த்த படிக்கத் தெரியலன்னுட்டேன். இங்க படிச்சா பூர்ணிமா போயி அம்மாகிட்ட சொல்லிடுவா. அவ எங்க தெருதான்."

வகுப்பே சிரிக்க, மக்கு என்ற பெயரைச் சுமந்துகொண்டு நின்ற பிள்ளை. இவளையா பிழிந்தெடுத்தோம் என்று நிர்மலாவுக்கு அழுகை வந்தது. அஞ்சலாட்சிக்குத் தலையாட்டியது ஞாபகம் வந்தது. ஆட்டினால் ஆட்டியதுதான், அதற்காக ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பதா? கவிநிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். மகளைக் கூட்டிப்போக அஞ்சலாட்சி அங்கே காத்திருந்தாள்.

"அஞ்சலாட்சி, உங்க பொண்ணுக்குப் படிக்கத் தெரியும்" என்றாள் நிர்மலா. "அந்த ஆஸ்பத்திரி போர்ட மொத நாளே படிச்சிட்டா. நீங்க பயந்துடுவீங்கன்னு மறைச்சிருக்கா. உங்களுக்கும் தெரியும்னு அவளுக்குத் தெரியாது."

அஞ்சலாட்சி மகளைப் பார்த்தாள். பிறகு அந்தச் சுவரோரமாகவே உட்கார்ந்துவிட்டாள். கவிநிலா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர்கள் ஏறவேண்டிய பஸ் வந்து, நின்று, போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து அஞ்சலாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுல என்னா எழுதியிருக்கு, சொல்லுடி. நான் ஒரு தரங்கூட அத வாயால சொன்னதில்ல."

கவிநிலா கட்டைவிரலைக் காற்றில் வைத்து மூடினாள். கொஞ்சம் நகர்த்தினாள்.

"புற்று."

"புத்து" என்றாள் அஞ்சலாட்சி.

"நோய்."

"நோய்."

அந்த நீள வார்த்தையின் கடைசி எழுத்து வரைக்கும் அஞ்சலாட்சி மகளின் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இப்ப சேத்துச் சொல்லணும்மா" என்றாள் கவிநிலா.

இரண்டு பேரும் சொன்னார்கள்.