நரம்பில்லாத இலைகள்

அன்று காலை லீலா மேரி குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"வாசக் கேட்டுக்கிட்ட நின்னு இந்தப் படத்த ஒரு தடவ பாரேன்," என்று முன்னறையிலிருந்து கூப்பிட்டார் அவள் கணவர் சவரிராஜ்.

"கையெல்லாம் புளி. சாயங்காலம் பாக்குறேன்."

சரி என்று பெரம்பலூர் பஸ் ஏறிப்போனார் அந்த டிராயிங் வாத்தியார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள், கொழுந்தன் பிரான்சிஸ் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். சுவரில் விளம்பரம் எழுதுகிற நல்லுசாமி, பெயிண்ட் டப்பாவோடு.

"அண்ணன் பாதியில வுட்டுட்டுப் போன படம், அண்ணி. நாளைக்கு வரதராஜன்பேட்டை சனமெல்லாம் வருது. முடிச்சு வெச்சாத்தான அவருக்கும் நிம்மதி."

படத்தில் இருந்தது கொள்ளிடக் கரைத் தேக்குத் தோப்பு, தை மாதத்தில் இலை உதிர்க்கிற நேரம். பதினோரு நாள், சாயங்கால வெயில் இறங்குவதற்குள் அவர் அங்கேயே உட்கார்ந்து வரைந்தது. "மரத்த வரையல, அது மேல நிக்கிற வெளிச்சத்த வரையறேன்," என்பார். கிட்டப் போனால் எண்ணெய் வர்ணத்தில் மஞ்சளும் செம்மண் நிறமும் தடிப்பாக அப்பிக் கிடக்கும், மரமே தெரியாது.

"ஒவ்வொரு இலைக்கும் நரம்பு போட்டுருவேன்க்கா," என்றான் நல்லுசாமி. "கொஞ்சம் பச்சை, ஓரத்துல ஒரு சிலுவைக் கோபுரம். ஒரு மணி நேர வேலை."

"படம் முடிஞ்சிருச்சு."

"இதுவா? எங்க சின்னவ இதவிட நல்லா வரைவா," என்றான் பிரான்சிஸ்.

"உங்க வூட்டுச் சுவத்துல வரையச் சொல்லுங்க தம்பி."

நல்லுசாமி மூடியைத் திறந்தான். லீலா மேரி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"டப்பாவ மூடுங்க. ரெண்டு பேரும் கேட்டுக்கு வாங்க."

கேட்டில் நின்று, திறந்திருந்த கதவு வழியாகப் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முப்பது நாளில் அவளும் அங்கே நின்று பார்த்ததில்லை. அப்பியிருந்ததெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து தேக்காக நின்றது. அடிமரங்களுக்கு நடுவே சாயங்கால வெயில் கிடந்தது.

"அட, இலை வுழுந்துகிட்டே இருக்குக்கா," என்று டப்பாவை மூடினான் நல்லுசாமி.

பிரான்சிஸ் கண்ணைச் சுருக்கினான். "எனக்கு ஒண்ணும் தெரியல. வர்றவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டு இங்க வந்து நின்னு பாக்கட்டும். நிக்காதவங்களுக்கு நாளைக்குச் சோறு கெடையாது."

அப்படியும் மனசு ஆறாமல் பிரான்சிஸ் உள்ளே போய், ஒரு தடித்த இலையை விரலால் அழுத்திப் பார்த்தான். விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

முப்பது நாளாகியும் படம் காயவில்லை.