இரும்புத் தண்ணீர்

சீயக்காய்த் தூளில் கோதண்டராமன் சொம்புத் தண்ணீரை ஊற்றியதும், கிண்ணத்தில் மை கரைத்ததுபோல் கறுத்துப்போனது.

"இத்த வெச்சா அக்காவக் குளிப்பாட்டறது?" பக்கத்து வீட்டுப் பூங்காவனம் கிண்ணத்தைப் பிடுங்கி வாசலில் கொட்டினாள். "தோல் பதம் பண்ற ஷாப்புல தோலுக்கே இந்த இரும்புத் தண்ணியக் காட்ட மாட்டாங்க. கறை புடிச்சிக்கும்."

விஷக்காய்ச்சல் ஆம்பூர் முழுக்கக் கதவைச் சாத்த வைத்திருந்தது. விடியலில் அவர் மனைவி பூவம்மாள் போய்ச் சேர்ந்தாள். யார் வீட்டுச் சாவுக்கு யார் போவது? பூங்காவனம் மட்டும், தானே காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். சுமங்கலியாகப் போனவளைப் பெண் கைதான் குளிப்பாட்ட வேண்டும். தலைக்கு ஊற்றி, மஞ்சள் பூசி, ஒரு கறையில்லாமல் அனுப்ப வேண்டும். கோதண்டராமனுக்கு இப்போது வேண்டியதெல்லாம் அதுதான்.

வீட்டுக் கிணறு அவரே இடம் பார்த்துத் தோண்டியது. கல் ஆராயும் துரைமாருக்குச் சுத்தியல் தூக்கிக்கொண்டு, இரும்புக்கல் கிடைக்கும் சண்டூர் மலையிலும் கஞ்சமலையிலும் திரிந்தவர். தோண்டத் தோண்டச் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை போட்ட கல் வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"இங்க ஒரு காலத்துல கடல் இருந்திச்சு, பூவம்மா. புல்லு பூண்டு மொளைக்கறதுக்கு முன்னாடி. இரும்பும் மாங்கனீசும் உப்பு மாதிரி அதுல கரைஞ்சு கெடந்திச்சு. காத்து பட்டதும் துருப்புடிச்சு அடியில எறங்கி, படிஞ்சு படிஞ்சு கல்லாச்சு. நம்ம பானையில பாரு, தெளிவா மொண்டு வெச்ச தண்ணி காலையில செவந்து அடியில நிக்குதில்ல, அதே சங்கதிதான். இரும்பு முந்திக்கும். மாங்கனீசு லேசுல எறங்காது. தனியாத் தண்ணியிலயே சுத்திக்கினு கெடக்கும்."

பானையைத் தேய்த்துக்கொண்டே அவள் கேட்டாள். "செரி, சோறு எதுல ஆக்கறது?"

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று நினைவில்லை. சோறு என்னவோ வேளை தவறாமல் வெள்ளை வெளேரென்று தட்டுக்கு வந்தது.

இப்போது பாயில் கிடந்தவளைப் பார்த்தார். முந்திக்கொண்டாள். இந்த வீட்டில் இனித் தனியாகக் கிடக்க வேண்டும் என்பது அவருக்குப் பயமாக இருந்தது.

"நல்ல தண்ணி எங்க கெடைக்கும்?" என்றார்.

பூங்காவனம் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "அக்கா தெனம் எடுக்கற எடந்தான். மசூதிக்குப் பின்னால, பில்கிஸம்மா வூட்டுக் கெணறு. இத்தினி வருசமா உனக்குத் தெரியாதாண்ணா?"

அவர் குடம் எங்கே இருக்கிறது என்று தேடினார்.

"உன் வூட்லயே கெணறு இருக்குதேன்னு யாராச்சும் அக்காவக் கேட்டா, அதுக்குள்ள கடலு இருக்குது, எங்க வூட்டுக்காரரு கண்டுபுடிச்சாருன்னு சொல்லும். கிண்டலுக்கில்ல. பெருமையாத்தான் சொல்லும்."

கோதண்டராமன் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இடுப்பில் வைப்பதா, தோளில் வைப்பதா என்றுகூடத் தெரியவில்லை. சந்து முடிந்தால் இன்னொரு சந்து வந்தது. இவ்வளவு தூரமா என்று நின்று நின்று போனார்.

கிணற்றடியில் யாரும் இல்லை. குடத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார். ராட்டினம் கிறீச்சிட்டதும், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பூவம்மாவா? ரெண்டு மூணு நாளா காணமே. உன் வூட்டுக்காரருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

வாயைத் திறந்தால் வந்திருப்பது பூவம்மாள் இல்லை என்று தெரிந்துவிடும். குடம் நிரம்பி முழுகிய பிறகும் அவர் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்.