விளம்பரத்தில் வந்த முழு விலை

டிவி இணைப்பு விற்கிற கம்பெனியில் போனில் பேசுவதுதான் என் பிழைப்பு. விளம்பரத்தில் போட்ட விலையை மட்டும் சொல்ல வேண்டும். மற்றதை ஆள் கேட்டால் சொல், கேட்காவிட்டால் விட்டுவிடு என்பது மேனேஜரின் கட்டளை. பெட்டி வாடகை, விளையாட்டுச் சேனல் கட்டணம், அது இது என்று தலையில் கட்டுவதெல்லாம் பிறகு பில்லில் வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். சம்பளம் வருகிறதே, செய்தேன்.

அதற்கு அரசாங்கம் ஆப்பு வைத்தது. அடுத்த மாதம் முதல் எல்லாம் சேர்த்த முழு விலையைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்குள் முடிந்த மட்டும் ஆள் பிடியுங்கள் என்று மேனேஜர் உயிரை எடுத்தார். நான் என் அக்காவைப் பிடித்தேன்.

அத்தான் இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அக்காவின் தையலில்தான் வீடு ஓடுகிறது. மனுஷன் பாவம், சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று இணைப்பு வாங்கினாள். நான் சொன்ன விலைக்குத் தோதாகக் கூடுதல் துணி வாங்கித் தைக்க ஆரம்பித்தாள். இரண்டு வருட ஒப்பந்தம். நடுவில் விட்டால் அதற்கும் தண்டம்.

நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் தலையணையில் சாய்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் எங்கள் விளம்பரம் வந்தது. முழு விலை, பெரிய எழுத்தில். நான் ரிமோட்டைத் தேடினேன். அக்காவோ மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"பாத்தியா, நாம சேந்ததும் விலைய ஏத்திட்டாங்க. நல்லவேளை, நீ முன்னாடியே சேத்து விட்ட. தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க?"

தம்பி குறைந்த விலைக்குச் சேர்த்துவிட்டதாக எதிர்வீட்டுக்காரியிடமும் பெருமையடித்தாளாம். அவளுக்கும் பழைய விலைக்கே ஒன்று முடித்துக் கொடு என்றாள். முதல் பில் இன்னும் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

"விலை ஏறலக்கா," என்றேன். "எப்பவுமே இவ்வளவுதான். உனக்கும் இதேதான் வரும்."

அத்தான் டிவியை அணைத்தார். அக்கா திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை.

"வேற யாராவது வித்திருந்தா ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன்," என்றாள். "நீதானேன்னு ஒண்ணுமே கேக்கல."