நூலில்லாத தையல்

நான்கு நாளாக முந்தானையில் முடிந்து வைத்திருந்த பேப்பர் துண்டை டாக்டரின் மேசை மேல் பிரித்து வைத்தேன். வெளிநாட்டில் ரத்தக் குழாயை ஊசி நூல் இல்லாமல் லேசரால் ஒட்டிப் பார்க்கிறார்களாம்.

"எங்கூட்டுக்காரருக்கு இதையே செஞ்சிடுங்க டாக்டர். இன்னொரு வாட்டி நூலு வேணாம். போன தையல்தான் அடைச்சிக்கிச்சே."

டாக்டர் சிந்துஜா சின்னப் பெண். நல்லவேளை, சிரிக்கவில்லை.

"இது இன்னும் ஆராய்ச்சியிலதாம்மா இருக்கு. இங்க நூலுதான். முடிய விட மெல்லிசு."

என் வீட்டுக்காரர் சுப்புராயனுக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷமாகிறது. வாரம் இரண்டு முறை குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் சிதம்பரம் வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார். அதற்காக இடது மணிக்கட்டில் இரண்டு குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே கிர்ரென்று அதிரும். காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் அடுப்பு பற்றவைப்பேன். போன வாரம் அது நின்றுவிட்டது. வலது கையில் குழாய் சரியில்லை. இனி இடது முழங்கைக்கு மேலே ஒரே ஒரு இடம்தான் பாக்கி.

"எப்பிடி நின்னுச்சி? கைய இறுக்கி எதுனா கட்டுனீங்களா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரைக் கேட்டாள் டாக்டர்.

"தூக்கத்துல கை மேல படுத்துட்டேன் போல" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

பொய். அவருக்காகத் தீ மிதிக்க வேண்டிக்கொண்டவள், கோயிலில் கொடுத்த மஞ்சள் கயிற்றை அவருக்கும் காப்பாகக் கட்டினேன். வலது கை ஊசி போட்டு வீங்கியிருந்ததால் இடது கையில் கட்டினேன். தினமும் தலைக்கு ஊற்றிக்கொண்டதில் கயிறு நனைந்து நனைந்து இறுகியது. வலிக்குது என்று மூன்றாம் நாளே சொன்னார். தீமிதி முடியாமல் காப்பை அவிழ்க்கக் கூடாது, கம்முனு இருங்க என்று அதட்டினேன். பாவி நான்.

"வெறுமன படுத்ததுக்கே அடைச்சிக்கிச்சின்னா ரத்தமே உறையுதோ என்னவோ. டெஸ்ட் எடுத்துட்டுத்தான் கைய வைக்கணும்" என்றாள் டாக்டர்.

"அவர் பொய் சொல்றாரு டாக்டர். நான்தான் காப்பு கட்டிவுட்டேன்."

"அமராவதி, சும்மா இரு."

"இன்னா சும்மா இருக்கிறது? உங்க தையல் மேல தப்பில்ல டாக்டர். என் கயிறு மேலதான்."

டாக்டர் பேப்பர் துண்டை மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் மறுநாளே முழங்கைக்கு மேலே தைத்தார்கள். வெளியே கொண்டுவந்ததும், "கட்டுக்கு மேல மெதுவா தொட்டுப் பாருங்கம்மா" என்றாள் டாக்டர். எனக்குக் கை போகவில்லை. அவரே வலது கையால் என் விரல்களைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தார்.

"ஓடுதா?" என்று கேட்டார்.

ஏதோ அதிர்ந்தது. அவர் கையா, என் விரலா, தெரியவில்லை. அழுத்திவிடுவேனோ என்று பயந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றேன்.