கடைசி மடக்கு

டெய்லரம்மாவுக்குத் தன் மாப்பிள்ளையை ஆரம்பத்தில் துளியும் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் நர்ஸ் வேலை, அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி, கைநிறையச் சம்பளம் என்று இருக்கிற பெண், லீவில் வந்த இடத்தில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்ண வந்தவனையா பிடித்துக்கொண்டு நிற்பாள்? "அவன் உன்னைக் கட்டிக்கலைடி, உன் விசாவைக் கட்டிக்கப் பாக்கறான்" என்று மகளிடமே சொன்னாள். வாய் அப்படி. மகளும் அவள் பெற்றதுதானே! "ஃபிரிட்ஜ் ஓடுதா இல்லையா? அதை மட்டும் பாரும்மா" என்று ஒரே போடாகப் போட்டாள்.

கல்யாணம் முடிந்த கையோடு லீவும் முடிந்தது. விமானம் ஏறுவதற்கு முன்னால் மகள் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். விசா கிடைக்கிற வரைக்கும் அம்மா தனியாக இருக்கக் கூடாது, அவரும் தன் அண்ணன் வீட்டு நெரிசலில் கிடக்கக் கூடாது, இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருங்கள் என்று. மறுநாளே அவன் ஒரு பையும் ஸ்பானர் பெட்டியுமாக வந்து நின்றான். டெய்லரம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "வாங்க மாப்பிள்ளை, செருப்பை வெளியில விடுங்க" என்றாள். வரவேற்பு அவ்வளவுதான்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, பையன் தங்கம். ஒரு மாதத்துக்குள் ஒழுகுகிற குழாய், கிறீச்சிடுகிற கதவு, தலையைத் தட்டினால்தான் சுற்றுகிற ஃபேன் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் அவனே டீ போடுவான். அவளுக்கு இஞ்சி தட்டிப் போட்டு, ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை. அவள் யூனிஃபார்ம் சட்டைகளுக்குக் காஜா எடுப்பாள், அவன் பட்டன் தைப்பான். ஊர்க்கதை, உறவுக்கதை, வாடிக்கையாளர் கதை என்று பேச்சு நீளும். தெருவில் 'விசா மாப்பிள்ளை' என்று எவனோ கிண்டலடித்ததற்கு, டெய்லரம்மா கத்தரிக்கோலோடு வாசலுக்கே போய்விட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படியே மூன்றாவது வருஷம் நடக்கும்போது நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. போனவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான்.

"என்ன கேட்டாங்க?"

"உங்க மனைவி டீக்கு எவ்வளவு சர்க்கரை போடுவாங்கன்னு கேட்டாங்க அத்தை. ஒன்றரை ஸ்பூன், இஞ்சி தட்டிப் போடணும்னு சொன்னேன்."

"அட ராமா! அது நானில்ல?"

"பதட்டத்துல வாய் தானா சொல்லிடுச்சு. என்ன சாப்பிட்டா ஒத்துக்காதுன்னாங்க. கத்திரிக்காய்னேன்."

டெய்லரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கத்திரிக்காய் தின்றால் அரிப்பெடுப்பதும் அவளுக்குத்தான். அதே கேள்விகளை அங்கே மகளிடம் போனில் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. இது நிஜக் கல்யாணம்தானா என்று சந்தேகம் வந்து, இன்னொரு தடவை வரச் சொல்லிவிட்டார்கள். அதுவும் தவறினால் எல்லாம் முதலிலிருந்து. மகள் போனில் அழுதாள். "இதுவும் போச்சுன்னா வேலையை விட்டுட்டு நான் வந்துடறேன்மா. ஃபோன்லயே எத்தனை நாள் குடும்பம் நடத்தறது?"

டெய்லரம்மா மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள். "உக்காருங்க மாப்பிள்ளை. டியூட்டிக்கு நடுவுல அவ எவ்வளவுதான் சொல்வா? என் பொண்ணைப் பத்தி நான் சொல்லித் தரேன்."

அப்புறம் தினமும் சாயங்காலம் பாடம்தான். மகளுக்குப் பல்லியென்றால் குலை நடுக்கம். மழை பெய்தால் பள்ளிக்கூடப் பையைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு, தான் நனைந்து வருவாள். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் தவறாமல் வயிற்று வலி வரும். பாலில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டாலும் போதாது என்பாள். டம்ளரில் கடைசி மடக்கை மட்டும் குடிக்காமல் மிச்சம் வைத்துவிட்டு ஓடிவிடுவாள். "கொட்ட மனசு வருமா? தினமும் அதை நான்தான் குடிப்பேன்" என்று சிரித்தாள். "அதெல்லாம் ஆபீஸர் கேக்க மாட்டாங்க, விடுங்க."

சொல்லச் சொல்ல, அந்தச் சின்ன வீட்டில் பெண் மறுபடியும் பாவாடை கட்டிக்கொண்டு ஓடியது. எத்தனையோ வருஷமாக யாரும் கேட்காத கதைகள். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். டெய்லரம்மாவுக்கு அந்த நாட்கள் அவ்வளவு இனித்தன.

ஞாயிற்றுக்கிழமை மகளைப் போனில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். "பால், மூணு ஸ்பூன் சர்க்கரை" என்று அவன் ஆரம்பித்ததும் மகள் சிரித்துவிட்டாள்.

"ஐயோ, பாலை விட்டு எத்தனை வருஷமாச்சு! கருப்புக் காபி, சர்க்கரையே கிடையாது. பல்லியா? அதெல்லாம் இப்ப பயமே இல்லை. கணக்கா? எங்க வார்டுல எல்லாருக்கும் டியூட்டிக் கணக்குப் போடறதே நான்தான்."

ஒவ்வொன்றாக அடிபட்டுக்கொண்டே வந்தது. டெய்லரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. போனை வைத்ததும் மெஷின் உறையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

"பெத்தவ எனக்கே தெரியலை மாப்பிள்ளை. பத்தொன்பது வயசுல விட்டுட்டுப் போனவளைத்தான் இத்தனை நாளா வளத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். அவன் எழுந்து போய் டீ போட்டான்.

இரண்டாவது நேர்காணலுக்கு அவளும் கூடப் போனாள். உள்ளே விடவில்லை. எதிரே இருந்த மர நிழலில் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிடைக்கட்டும் என்று வேண்டினாள். கிடைத்தால் நாளை முதல் டீ யார் போடுவார்கள் என்றும் நினைத்தாள். சீ, இதென்ன நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அந்த ஆபீஸர் அம்மா மறுபடியும் டீயிலயே ஆரம்பிச்சாங்க அத்தை. இப்ப கருப்புக் காபி, சின்ன வயசுல பாலும் மூணு ஸ்பூன் சர்க்கரையும்னேன். நீங்க சொன்ன கதையெல்லாம் ஒண்ணு விடாம சொன்னேன். மழை, பல்லி, வயித்து வலி. இதெல்லாம் யார் சொன்னதுன்னாங்க. அத்தைன்னேன். சரி, அவங்களைப் பத்தி நீங்களா தெரிஞ்சுக்கிட்டது என்னன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"கூட இருந்தாத்தானேம்மா தெரியும், அதுக்குத்தான் விசா கேக்கறேன்னு சொன்னேன். ஃபைல்ல ஏதோ எழுதினாங்க. அப்புறம் போய்ட்டு வாங்கன்னாங்க."

விசா வந்தது. அவன் கிளம்புகிற அன்று டெய்லரம்மா அழவில்லை. வாசலில் வைத்து ஒன்றே ஒன்று கேட்டாள். "போனதும் அவளை நல்லாப் பாருங்க. எப்படி இருக்கா, என்ன பண்றான்னு எனக்கு ஒவ்வொண்ணாச் சொல்லணும். எனக்கு அவளைத் தெரியணும் மாப்பிள்ளை." அவன் ஸ்பானர் பெட்டியை அவள் வீட்டிலேயே விட்டுப் போனான். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. டீயில் அவளே இஞ்சி தட்டிப் போட்டுப் பார்த்தாள். வாயில் வைக்க முடியவில்லை.

நாலு நாள் கழித்துக் காலையில் போன் அடித்தது. மாப்பிள்ளைதான். அங்கே அடுக்களையில் நின்று பேசினான்.

"அத்தை, அவ வேலைக்குக் கிளம்பிப் போயாச்சு. காபியில நிஜமாவே சர்க்கரை இல்லை. வீடு பளிச்சுன்னு இருக்கு. வேகமா நடக்கறா, வேகமாப் பேசறா. நீங்க சொன்ன பொண்ணு எங்கேன்னு நாலு நாளாத் தேடறேன்."

டெய்லரம்மா "ம்" என்றாள்.

"இப்பத்தான் அவ குடிச்ச கப்பைக் கழுவலாம்னு எடுத்தேன். அடியில ஒரு மடக்கு அப்படியே இருக்கு அத்தை. தினமும் வெச்சுட்டுத்தான் ஓடறா."

டெய்லரம்மா மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"கொட்டிடாதீங்க மாப்பிள்ளை" என்றாள். "நீங்க குடிச்சிடுங்க."