இருபத்திநாலு துண்டு ரயில்

பட்டாணி பிறந்தபோது துறைக்கு ஒரு மருத்துவராக வந்து பார்த்தார்கள். இதயத்தில் ஓட்டை என்றார் ஒருவர். அண்ணம் பிளந்திருக்கிறது என்றார் இன்னொருவர். இடது கையில் மூன்றே விரல் என்று எண்ணிச் சொல்லவும் ஒருவர் வந்தார். அறிவு வளருமா என்று அம்மா கேட்டதற்கு மட்டும் மூவரும் சேர்ந்து, "போகப் போகத்தான் தெரியும்" என்றார்கள்.

நான்கு அறுவை சிகிச்சையோடு ஆறு வருஷம் போயிற்று. பக்கத்துத் தெருப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, "கற்கத் தகுதி உண்டு" என்று சான்றிதழ் கேட்டார்கள். அதைக் கொடுக்கிற அதிகாரியின் பட்டங்கள் கதவுப் பலகையில் கொள்ளாமல் சுவருக்கும் கொஞ்சம் போயிருந்தன.

துணைக்கு வந்தவர் தாய்மாமன், பஸ் ஓட்டுநர்.

"அண்ணே, உள்ள வந்து வாயைத் திறக்காத."

"மூச்சு விடலாமா?"

அதிகாரி ஒரு பெட்டியைக் கவிழ்த்தார். ரயில் படம், இருபத்திநாலு துண்டு. "மூணு நிமிஷம். ஏழு வருஷத்துல இதை முடிச்ச பிள்ளை ஒண்ணுகூட இல்ல. நம்ம தரம் அப்படி."

பட்டாணி மளமளவென்று அடுக்கினாள். ஒரு சக்கரத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. பெட்டியை உதறினாள். மேசைக்கடியில் தேடினாள். அதிகாரி எழுதிக்கொண்டிருந்த கோப்பையும் தூக்கிப் பார்த்தாள். 'கவனச் சிதறல்' என்று எழுதினார் அவர்.

"ஒண்ணு... இல்ல," என்றாள் மூக்கால்.

"ஏதோ சத்தம் போடுதே?"

"ஒரு துண்டு இல்லைங்குறா, சார்," என்றாள் அம்மா. "நான் ஹோட்டல் சலவையில வேலை பாக்கறேன். காலுறைக்கு ஜோடி சேக்கறது இவதான். ஒத்தையா ஒண்ணு நின்னா சாப்பிடக்கூட வரமாட்டா. எண்ணிப் பாருங்க."

"ஆபீஸ் பெட்டிம்மா இது!" என்றபடி எண்ணினார். இருபத்திமூன்று. ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்து மறுபடி எண்ணினார்.

"இன்னொரு தடவை எண்ணுங்க, கூடினாலும் கூடும்," என்றார் மாமா.

"அடுத்த மாசம் வாங்க."

"சேர்க்கை நாளையோட முடியுது," என்றாள் அம்மா. " அந்தக் கண்ணாடி அலமாரில புதுப்பெட்டி இருக்கே?"

"அது மேலதிகாரிங்க வந்தா காட்டறதுக்கு!"

அம்மா எழுந்து அலமாரியை நோக்கி நடந்தாள். அவர் அவசரமாகச் சாவியை எடுத்தார்.

உறையைப் பட்டாணி பல்லால் கிழித்தாள். மூன்று விரல் அழுத்திப் பிடிக்க, ஐந்து விரல் பொருத்தியது. இரண்டு நிமிஷம் பத்து நொடியில் எல்லாச் சக்கரத்தோடும் ரயில் நின்றது. மாமா கை தட்டிய தட்டில் அடுத்த அறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அம்மா கிளம்பவில்லை. "முன்னாடி வந்த பிள்ளைங்க என்ன ஆனாங்க?"

"அதெல்லாம் முடிஞ்ச கோப்பும்மா."

"பிள்ளைங்க முடிஞ்சு போயிடலையே, சார்! விலாசம் குடுங்க. நாங்களே போய்ச் சொல்றோம்."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். வாசலில் நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். கோப்புகள் இறங்கின.

திங்கட்கிழமை அவர் கதவிலிருந்து மாடிப்படி வரை அறுபத்தொரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இரண்டு பேருக்கு மீசை அரும்பியிருந்தது. அம்மா வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாள். பட்டாணி வரவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது.