63-0 தோற்ற நாளில் எழுந்து வந்த ஆர்வின்

1.

செத்துப் பதினொரு வருடமான மனிதரை ஒரு கரண்டி சில்லிக் குழம்பால் உயிரோடு எழுப்பியவன் நான்.

(ஓரத்தில் பென்சிலில்: "யோவ் டெல்பர்ட், முதல் வரியிலேயே புளுகா?" எழுதியவள் ஆர்லீன். எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் பதிவேட்டை முப்பது வருடம் காத்தவள். அதில் பிழையே வராது என்பாள். பக்கத்து மேசையில் நான் மாணவர் சேர்க்கை. இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. இந்த வரைவை அவளிடம்தான் கொடுத்திருக்கிறேன். இதை இன்றுவரை நம்பாதவள் அவள்.)

2.

வேறு தொடக்கம்: நெப்ராஸ்காவில் எங்கள் சின்னப் பல்கலைக்கழகம் பெரிய விளையாட்டுக் கூட்டமைப்பில் சேர்ந்தபோது சோளக்கதிர்கள்கூட எழுந்து நின்று—

வேண்டாம், அடித்துவிட்டேன். சேர்ந்ததால் அரிசோனாவரை போய் அமெரிக்கக் கால்பந்து ஆடினோம். அந்தப் பக்கமிருந்து பத்துப் பிள்ளைகளாவது படிக்க வராவிட்டால் கூட்டமைப்பிலிருந்து விலகுவோம் என்றது நிர்வாகக் குழு. விலகினால் என் வேலையும் போகும். ஒன்பது பேர் கிடைத்திருந்தார்கள். இது கடைசிப் பயணம்.

3.

அரிசோனாவின் டூசான் நகர மைதானத்தில் வண்டி நிறுத்துமிடம். ஆட்டத்துக்கு முன் வண்டியின் பின்கதவைத் திறந்து, இறைச்சியும் பீன்ஸும் போட்ட காரமான சில்லி கொதிக்கவைத்தேன். தொட்டுக்கொள்ள, எங்கள் ஊர் வழக்கப்படி, இலவங்கப்பட்டை ரோல் என்ற இனிப்பு ரொட்டிச் சுருள். மூவாயிரம் பேர் வந்தார்கள். (ஆர்லீன்: "நாப்பது." சரி, நாற்பது.) உள்ளூர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு கிழவர் மட்டும் தட்டை நீட்டினார்.

"சில்லிகூட ரோலு! நம்ம ஊர்க்காரன்தான் நீ. ரெண்டாப் போடு."

"பேரு சொல்லுங்க ஐயா."

"ஆர்வின் ஷ்ரோடர்."

நான் கையோடு கொண்டுவந்திருந்த ஆர்லீனின் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே பதினொரு வருடமாக 'காலமானார்'.

"நீங்க செத்துட்டீங்களே!"

"நான் எழுதுனதுதான் அது. மாசாமாசம் நன்கொடை கேட்டுக் கடுதாசி. உறைமேல 'ஆள் செத்தாச்சு'ன்னு எழுதித் திருப்பி அனுப்புனேன். அப்புறம்தான் நிம்மதி."

ஆட்டத்தில் 63-0 தோற்றோம். முடிந்ததும் அவர் மறுபடி சட்டியருகே வந்தார். கூடவே பேத்தி கெல்சி, பள்ளி இறுதியாண்டு.

"அறுபத்து மூணு வாங்கியும் உங்க ஆளுங்க ஒருத்தரும் வீட்டுக்குப் போகலையே தாத்தா! உங்க காலேஜ் விண்ணப்பம் எங்க கிடைக்கும்?"

4.

முடிவு ஒன்று: அவள் சேர்ந்தாள், பத்தாவது ஆள், கூட்டமைப்பில் நீடித்தோம். முடிவு இரண்டு: ஆர்வினுக்கு நாங்கள் சிலை—

இல்லை. நான் எதை எழுதினாலும் நீங்கள் நம்பப்போவதில்லை. பென்சில் ஆர்லீனிடமே இருக்கட்டும். வரைவை இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தாள். அடியில் இருந்தது:

"சிலை பொய். ஆனா அந்தப் பொண்ணு விண்ணப்பத்துல, பரிந்துரைக்கிற பழைய மாணவர்னு ஆர்வின் கையெழுத்து இருந்துச்சு. அவர் திருப்பி அனுப்புன பழைய உறையை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒரே கை. பதிவேட்டுல 'காலமானார்'னு போட்டவ நான். யாருக்கும் சொல்லாம அதை அழிச்சவளும் நான்தான். நடந்ததுதான்யா."